விருது பெற்ற கட்டுரையின் கடைசி வரி

பதினொரு ஆண்டுகளாக நான் ஒரு வெளிநாட்டுத் தூதரகத்தின் கலாசாரப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எந்த நாடு என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் படிப்பவர்கள் அந்த நாட்டின் மேல் பழியைப் போட்டுவிட்டு என்னை விட்டுவிடுவார்கள்.

அங்கே அதிகாரிகள் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாறுவார்கள். நான் உள்ளூரில் வேலைக்கு எடுக்கப்பட்ட ஆள், மாறுவதில்லை. பள்ளிகளுக்குக் கடிதம் அனுப்புவது, ஆண்டுக்கொரு ஆங்கிலக் கட்டுரைப் போட்டி நடத்துவது, சனிக்கிழமை பிற்பகல்களில் மாணவர்களுக்கான ஆங்கில மன்றத்தைப் பார்த்துக்கொள்வது, இவைதான் என் வேலை. எங்கள் நாட்டின் மேல் இளையர்களுக்கு நல்லெண்ணம் வரவேண்டும் என்பது மேலிடத்தின் நோக்கம். எங்கள் நாடு என்று எழுதிவிட்டேன். அது என் நாடு இல்லை. அலுவலகத்தில் அப்படிப் பேசிப் பேசிப் பழகிவிட்டது.

மன்றம் ஜாலான் புசார் பக்கம் ஒரு சமூக மன்றக் கட்டடத்தின் மாடி அறையில் கூடும். சிங்கப்பூரில்தான் எல்லாருக்கும் ஆங்கிலம் தெரியுமே, அதற்கு எதற்கு ஒரு மன்றம் என்று என் வாப்பாவே கேட்டிருக்கிறார். வருகிறவர்கள் இங்கே பிறந்த பிள்ளைகள் இல்லை. வியட்நாமிலிருந்தும் மியன்மாரிலிருந்தும் சீனாவிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் பாதிப் படிப்பில் வந்து சேர்ந்தவர்கள். ஆங்கிலம் போதாது என்று பள்ளியில் ஓரிரு வகுப்பு கீழே இறக்கி உட்காரவைத்திருப்பார்கள். தங்களைவிடச் சின்னப் பிள்ளைகளோடு படிக்கும் கூச்சம் அவர்கள் நடையிலேயே தெரியும். அறையின் கடைசி நாற்காலிகள்தான் முதலில் நிறையும்.

அந்தப் பெண் மட்டும் முதல் நாளே முன்வரிசையில் வந்து உட்கார்ந்தாள். அப்போது அவளுக்குப் பதினேழு வயது. பதினைந்து வயதுப் பிள்ளைகளோடு உயர்நிலை மூன்றில் படித்துக்கொண்டிருந்தாள். திருச்சிப் பக்கத்திலிருந்து பதினான்கு வயதில் வந்தவள். அப்பா இறந்தபின் அம்மா ஒரு சிங்கப்பூரரை மறுமணம் செய்துகொண்டு முன்னால் வந்துவிட்டார். இரண்டு ஆண்டுகள் கழித்து இவளுக்கு இங்கே தங்கிப் படிக்க அனுமதி, ஸ்டூடண்ட் பாஸ், கிடைத்தது. அம்மாவுக்கு ஜாலான் புசாரில் ஒரு சிறிய ஹோட்டலில் படுக்கை விரிப்புகளைத் துவைத்து மடிக்கும் வேலை. மாற்றாந்தகப்பன் லாரி ஓட்டுபவர். கிராஞ்சியில் உள்ள தங்கும் விடுதியிலிருந்து காலையில் வேலையாட்களை ஏற்றிக்கொண்டு துவாஸ் தொழிற்பேட்டையில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விடுவார்.

மன்றத்தில் எல்லாரும் ஆங்கிலத்தில்தான் பேசவேண்டும் என்பது விதி. அவளும் பேசினாள், தப்பும் தவறுமாக, ஆனால் நிறுத்தாமல். முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போது என்னிடம் தமிழில் வருவாள். எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும் புரியும் மொழி என்று அதில் அவளுக்கு ஒரு சந்தோஷம். அக்கா என்றுதான் கூப்பிடுவாள். ஒருநாள், ஆங்கிலத்தில் வீட்டுக்குத் திரும்புவதற்கும் ஊருக்குத் திருப்பி அனுப்பப்படுவதற்கும் ரிட்டர்ன் என்று ஒரே சொல் வருகிறதே, எதை எங்கே போடுவது என்று கேட்டாள். அப்படிப்பட்ட கேள்விகள்தான் அவளிடம் இருக்கும்.

அந்த ஆண்டுப் போட்டிக்குத் தலைப்பு, நான் வாழ விரும்பும் நகரம். முதல் பரிசு அந்த நாட்டுக்கு இரண்டு வாரப் பயணம். சிங்கப்பூரில் படிக்கும் எந்த மாணவரும் எழுதலாம் என்று விதிமுறையில் போட்டிருந்தது. அதை எழுதியவளே நான்தான்.

சுவரொட்டியை மன்றத்தில் ஒட்டிய அன்று அவள் அதை இரண்டு தடவை படித்துவிட்டு வந்தாள்.

"அக்கா, நான் எழுதலாமா? என்கிட்ட பிங்க் ஐசி இல்லயே."

"யார் வேணும்னாலும் எழுதலாம். தெளிவா போட்டிருக்குல்ல," என்றேன்.

பிங்க் ஐசி என்பது குடிமக்களுக்கான அடையாள அட்டை. எனக்குப் பிறந்ததிலிருந்து அது உண்டு. என் பாட்டனார் காலத்திலேயே கடற்கரை ஊரிலிருந்து வந்து தேக்காவில் கடை வைத்த குடும்பம் எங்களுடையது. விமான நிலையத்தில் இயந்திரத்தில் கடப்பிதழை வைத்தால் கதவு திறக்கும், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த பயணம். அவள் ஏன் அப்படிக் கேட்டாள் என்று நான் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம்.

கட்டுரையை இரண்டு வாரத்தில் கொண்டுவந்தாள். பள்ளி விடுமுறையில் ஒருநாள் விடியற்காலை மாற்றாந்தகப்பனோடு லாரியில் போயிருக்கிறாள். இவள் முன்னால், அவர் பக்கத்தில். பின்னால் இருபது பேர். பாதி வழியில் மழை. பின்னால் இருந்தவர்கள் தார்ப்பாயை இழுத்துத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டார்கள். நடுவில் இருந்த சின்னக் கண்ணாடி வழியே அவள் திரும்பிப் பார்த்தபோது ஒருவர் சிரித்துக்கொண்டே கையசைத்தார். அவர் ஏதோ சொன்னதும் தெரிந்தது, கேட்கவில்லை. இறங்கும்போதுதான் என்னவென்று தெரிந்ததாம். உன் பக்கத்துச் சன்னல் சரியாக மூடவில்லை, நனையப்போகிறாய் என்று சொல்லியிருக்கிறார். அதோடு கட்டுரை முடிந்துவிட்டது.

படித்து முடித்ததும் முதலிலிருந்து இன்னொரு தடவை படித்தேன். ஆனால் நான் போட்டி நடத்துகிறவள். நடுவர்களுக்கு என்ன பிடிக்கும் என்று எனக்குத் தெரியும் என்ற நினைப்பு. நன்றாக இருக்கிறது, ஆனால் தலைப்புக்குப் பதில் வரவில்லையே, எப்படிப்பட்ட நகரத்தில் வாழ விரும்புகிறாய் என்று கடைசியில் அழுத்தமாக ஒரு வரி வேண்டும் என்றேன். அவளுக்கு இஷ்டமில்லை. அதெல்லாம் சொல்லாமலே புரியாதா என்று கேட்டாள். புரியாது, சொல்லத்தான் வேண்டும் என்றேன். அங்கேயே உட்கார்ந்து பேனாவைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். பிறகு எழுதினாள். எந்த ஊரில் என்னைப் பார்த்து நீ எப்போது கிளம்புவாய் என்று யாரும் கேட்கமாட்டார்களோ, அந்த ஊரில் நான் வாழ விரும்புகிறேன்.

இதுதான் வேண்டும் என்று அவள் முதுகில் தட்டினேன்.

முதல் பரிசு அவளுக்குத்தான் கிடைத்தது. நடுவர்கள் மூன்று பேரும் குறிப்பில் அந்தக் கடைசி வரியைத்தான் எடுத்து எழுதியிருந்தார்கள். பரிசளிப்பு விழா ஆற்றோரம் ஒரு பெரிய ஹோட்டலில். அம்மா அரை நாள் லீவு போட்டுவிட்டுப் பச்சைப் பட்டுப் புடவையில் வந்தார். மேசைமேல் விரித்திருந்த வெள்ளைத் துணியின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்து, நல்ல துணி என்று மகளிடம் சொன்னது எனக்குக் கேட்டது. மாற்றாந்தகப்பன் வேலைச் சட்டையோடு கடைசியில் நின்று முழு நிகழ்ச்சியையும் கைபேசியில் படம் பிடித்தார். தூதரோடு அவளும் அம்மாவும் மாற்றாந்தகப்பனும் எடுத்துக்கொண்ட படத்தையும் முழுக் கட்டுரையையும் மறுநாள் எங்கள் இணையப் பக்கத்தில் நானே ஏற்றினேன்.

இரண்டாம் பரிசும் மூன்றாம் பரிசும் வாங்கியவர்கள் சிங்கப்பூரர்கள். அவர்களுக்கு அந்த நாட்டுக்குப் போக விசா தேவையில்லை. அதற்கு முந்தைய ஆண்டுகளில் வென்றவர்களுக்கும் தேவைப்படவில்லை. அவள் கையில் இருந்தது இந்தியக் கடப்பிதழ். அவள் விசாவுக்கு விண்ணப்பிக்கவேண்டும் என்பது விழா முடிந்து ஒரு வாரம் கழித்துத்தான் எங்கள் பிரிவில் யாருக்கோ உறைத்தது. அப்போதும் யாரும் கவலைப்படவில்லை. விசாப் பகுதி எங்கள் கட்டடத்திலேயே இரண்டு தளம் கீழே இருக்கிறது. பரிசு கொடுப்பதே நாம்தான், விசாவா கொடுக்கமாட்டோம் என்றுதான் நானும் நினைத்தேன்.

விண்ணப்பத்தை நானே உட்கார்ந்து நிரப்பினேன். பள்ளிக் கடிதம், அம்மாவின் சம்பளச் சீட்டு, பரிசுச் சான்றிதழ் எல்லாம் வைத்தேன். கடைசியாக, எவ்வளவு நல்ல பெண் என்று பார்ப்பவர்களுக்குத் தெரியட்டும் என்று கட்டுரையையும் இணைத்தேன். யாரும் கேட்காத தாள் அது.

நேர்காணல் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. முடிந்ததும் அவளைக் கீழே வாசலில் பார்த்தேன். பள்ளிச் சீருடையில் இருந்தாள்.

"அங்கேயே தங்கிடணும்னு நெனக்கிறியான்னு கேட்டாரு. இல்லன்னேன்," என்றாள். "அப்ப ஏன் இப்படி எழுதினேன்னு அந்த வரிய காட்டினாரு. கோடு போட்டு வச்சிருந்தாரு அக்கா. அது கட்டுரை, அதனால அப்படி எழுதினேன்னு சொன்னேன். அப்ப எழுதினது பொய்யான்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"பொய் இல்லன்னேன்."

வேறு என்ன சொல்லியிருக்க முடியும் அவளால். நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் ஆகாது, எல்லாரையும் அப்படித்தான் குடைவார்கள் என்று சமாதானம் சொன்னேன். அந்த வரியை எழுதச் சொன்னது நான்தான் என்பதை அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கு நடந்தாள்.

வெள்ளிக்கிழமை பதில் வந்தது. அச்சடித்த ஒரு பக்கக் கடிதம். பல காரணங்களை வரிசையாகப் போட்டு, பொருந்துகிற கட்டத்தில் மட்டும் குறி போட்டிருந்தார்கள். பயணக் காலம் முடிந்து விண்ணப்பதாரர் திரும்புவார் என்று நம்ப இடமில்லை.

நான் கடிதத்தை எடுத்துக்கொண்டு என் அதிகாரியிடம் போனேன். நல்ல மனிதர். மன்றத்துக்கு வந்து பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து விளையாட்டெல்லாம் விளையாடியவர். கடிதத்தைப் படித்துவிட்டு உண்மையிலேயே வருத்தப்பட்டார். ஆனால் விசாப் பகுதியின் முடிவில் வேறு பிரிவு தலையிடுவது தங்கள் நாட்டு வழக்கத்தில் இல்லை என்றார். அப்படித் தலையிடாமல் இருப்பதுதான் தங்கள் அமைப்பின் நேர்மை என்றும் சொன்னார். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதனால்தான் எதிர்த்துப் பேச எனக்கு ஒரு பிடியும் கிடைக்கவில்லை.

விமானச் சீட்டு வீணாகக்கூடாது என்று இரண்டாம் பரிசு வாங்கிய மாணவரை அனுப்ப முடிவானது. எதிர்பாராத காரணங்களால் முதல் பரிசு பெற்றவரால் பயணம் செய்ய இயலவில்லை என்று பள்ளிகளுக்கு அனுப்பிய குறிப்பை எழுதியது நான்தான். எதிர்பாராத காரணங்கள் என்ற இரண்டு சொல்லுக்குப் பதில் வேறு என்ன போடலாம் என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலையை விட்டுவிடுவேன் என்று அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். வாப்பாவுக்கு அப்போது வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அது காரணமா, சாக்கா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நான் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

பயணத்துக்குப் பதிலாக அவளுக்குத் தூதரகச் சின்னம் போட்ட ஒரு பையும் சில புத்தகங்களும் தரச் சொன்னார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்கு எடுத்துப் போனேன். ஒரு அறை வாடகை வீடு. அம்மா ஓடிப்போய்த் தேநீர் போட்டார். மாற்றாந்தகப்பன் நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டுச் சுவரோரம் நின்றார்.

"பரவால்ல லா மேடம். நீங்க என்ன செய்வீங்க. ரூல்ஸ் அப்படி," என்றார்.

அவள் திரைக்குப் பின்னாலிருந்து வந்தாள். பையை வாங்கிக்கொண்டு எனக்கு ஆங்கிலத்தில் நன்றி சொன்னாள். முழு வாக்கியம், ஒரு பிழை இல்லை. மன்ற நேரத்துக்கு வெளியே அவள் என்னிடம் ஆங்கிலம் பேசியதே இல்லை. அந்த வீட்டில் மீதி இருந்த பத்து நிமிடத்தில் நான் குடித்த தேநீர் இனிப்பா கசப்பா என்று எனக்கு நினைவில்லை.

அதன்பின் அவள் மன்றத்துக்கு வரவில்லை. ஓர் ஆண்டு கழித்து மன்றத்தையும் மூடினார்கள். நேரில் கூடுவதைவிடக் காணொளிகள் அதிகம் பேரைப் போய்ச் சேரும் என்று மேலிடத்தில் முடிவெடுத்தார்கள். என் அதிகாரி மாற்றலாகிப் போனார், வேறொருவர் வந்தார்.

பிறகு ஒருநாள் மதிய உணவு வேளையில் அவள் எனக்கு போன் செய்தாள். உயர்நிலை முடித்துவிட்டாள். இங்கே பலதுறைத் தொழிற்கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை. படிக்க இடம் இல்லையென்றால் பாஸ் தீர்ந்துவிடும். வேறொரு நாட்டில் நர்ஸ் வேலைக்கான தாதிமைப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது, மாமா, அதாவது மாற்றாந்தகப்பன், வேலையிடத்தில் கடன் கேட்டு ஏற்பாடு செய்துவிட்டார், விசாப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறேன் என்றாள்.

"இதுல ஒரு கேள்வி இருக்கு அக்கா. இதுக்கு முன்னாடி எந்த நாடாவது உங்களுக்கு விசா மறுத்திருக்கான்னு. ஆமான்னுதான் போடணுமா?"

எனக்கு அந்தக் கேள்வி தெரியும். எல்லா நாட்டுப் படிவத்திலும் இருக்கும். எங்கள் படிவத்திலும் இருக்கிறது. ஆனால் அவளுடைய வாழ்நாள் முழுக்க ஒவ்வொரு படிவத்திலும் அவள் அதற்கு ஆமாம் என்று எழுதவேண்டியிருக்கும் என்பது அந்த நொடி வரை எனக்குத் தோன்றவில்லை. போட்டியில் கலந்துகொள்ளாமல் இருந்திருந்தால் அந்த இடத்தில் அவள் இல்லை என்று எழுதிவிட்டுப் போயிருப்பாள்.

ஆமாம் என்றுதான் போடவேண்டும், மறைத்தால் இன்னும் மோசம் என்றேன். அவள் சரி என்றாள். பரிசுக்காகத்தான் விண்ணப்பித்தாள் என்று தூதரகத்திலிருந்து ஒரு கடிதம் கிடைக்குமா என்று கேட்டாள். கேட்டுப் பார்க்கிறேன் என்றேன்.

புதிய அதிகாரிக்கு அவளைத் தெரியாது. பழைய முடிவுகளைப் பற்றி வெளியாருக்குக் கடிதம் தருவதில்லை என்றார். நான் என் சொந்தப் பெயரில், என் வீட்டு முகவரியோடு அவள் விண்ணப்பித்த நாட்டின் விசாப் பகுதிக்கு ஒரு கடிதம் எழுதி அனுப்பினேன். அதில் முதன்முறையாக எல்லாவற்றையும் எழுதினேன். அந்த வரியை எழுதச் சொன்னது நான், கேட்காமல் இணைத்தது நான் என்று. அந்தக் கடிதத்தை அங்கே யாரும் படித்தார்களா என்று தெரியவில்லை. ஆறு வாரத்தில் அந்த நாடும் மறுத்துவிட்டது. பாஸ் முடிந்த வாரம் அவள் திருச்சிக்குப் போய்விட்டாள். அம்மா இங்கே, மகள் அங்கே.

சென்ற ஆண்டு தேக்கா ஈரச்சந்தையில் அவள் அம்மாவைப் பார்த்தேன். முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார். ஒளிந்துகொள்ளலாமா என்று ஒரு கணம் நினைத்ததை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அவரே என்னைப் பார்த்துவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார். மகள் ஒரு கால் சென்டரில் வேலை செய்கிறாளாம். வெளிநாட்டுக்காரர்கள் போன் செய்து பொருள் சரியில்லை என்று திட்டுவார்களாம், இவள் பொறுமையாகப் பதில் சொல்லவேண்டுமாம்.

"இங்கிலீஷ் ரொம்ப நல்லா பேசுறான்னு அங்க எல்லாரும் சொல்றாங்களாம் மேடம். எல்லாம் உங்க கிளப்புல வந்ததுதான்," என்றார்.

அதில் குத்தல் இல்லை. உண்மையாகவே நன்றி சொன்னார். இன்னும் எழுதுகிறாளா என்று கேட்டேன். அதெல்லாம் எங்கே மேடம் என்று சொல்லிவிட்டு, மகளின் புது எண்ணைக் கொடுத்தார்.

நான் செய்தி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து, நல்லா இருக்கேன் அக்கா என்று பதில் வந்தது. நீங்கள் எப்படி, வாப்பா எப்படி என்று விசாரித்திருந்தாள். வாப்பா இறந்துவிட்டதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு செய்தி வந்தது. அவள் பெயரைத் தேடினால் முதலில் அந்தக் கட்டுரைதான் வருகிறதாம், தூதரோடு எடுத்த படத்தோடு. வேலையிடத்தில் யாரோ தேடிப் பார்த்து, இவ்வளவு பெரிய ஆளா நீ, பிறகு ஏன் இங்கே இருக்கிறாய் என்று கேட்டிருக்கிறார்கள். அதை மட்டும் எடுத்துவிட முடியுமா அக்கா என்று எழுதியிருந்தாள்.

அது முடியும் என்று நினைத்தேன். ஏற்றியது நான்தானே. ஆனால் இடையில் எல்லாப் பக்கங்களையும் தலைமையகத்துக்கு மாற்றிவிட்டார்கள், என்னால் இப்போது ஒரு எழுத்தைக்கூட அழிக்க முடியாது. மூன்று முறை விண்ணப்பித்தேன். போன மாதம் பதில் வந்தது. விருது பெற்ற கட்டுரைகள் நிரந்தர ஆவணமாகப் பாதுகாக்கப்படும், எழுதியவர் கையெழுத்திட்ட ஒப்புதல் இருக்கிறது என்று அந்தத் தாளின் படத்தையும் இணைத்திருந்தார்கள். அவளுக்கு அப்போது வயது போதாததால், கீழே சாட்சியாக நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

அவளுக்கு இதை இன்னும் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது என்று தெரியவில்லை. இந்த வாரம் அடுத்த போட்டிக்கான சுவரொட்டி அச்சுக்குப் போகிறது. விசா தேவைப்படும் மாணவர்களுக்கு அது கிடைக்கும் என்று உறுதி இல்லை என ஒரு வரி சேர்த்திருந்தேன். உற்சாகத்தைக் கெடுக்கிறது என்று அடித்துவிட்டார்கள். அடித்ததை அடித்தபடியே அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன்.